மேலை நாடுகளில் வாழ்க்கைத் தரம்: ஓர் ஒப்பீடு

மேலை நாடுகள் என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பிடும் நாடுகள், வாழ்க்கை வசதிகளில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பவை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. கடைகளில் கிடைக்கும் பொருள்களையும், சாலைகளையும், வீட்டுச் சாதனங்களையும் மட்டும் பார்த்தால் இந்த எண்ணம் சரியென்றே தோன்றும். ஆனால் குடும்பத் தலைவர் நோயில் படுத்தால் மருத்துவச் செலவை யார் ஏற்பது, குழந்தை பிறந்தால் ஊதியத்துடன் எத்தனை நாள் விடுப்பு, வேலை போனால் வாடகையை எவ்வாறு கொடுப்பது, முதுமையில் யார் பராமரிப்பது என்று கேட்கத் தொடங்கினால், இந்நாடுகளிடையே உள்ள வேறுபாடுகள் மிகப் பெரியவை என்பது புலனாகும்.

இவ்வேறுபாடுகளை அறிவது நமக்கு இரு வகையில் பயனுடையது. முதலாவதாக, உயர்கல்வியையும் வேலையையும் நாடி வெளிநாடு செல்ல விழையும் நம் மாணவர்களில் பலர் அங்குக் கிடைக்கும் ஊதியத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்தே முடிவு செய்கின்றனர். அந்தக் கணக்கு முழுமையானதன்று. இரண்டாவதாக, முதலில் நாட்டின் செல்வம் பெருகட்டும், சமூகப் பாதுகாப்பைப் பின்னர் கவனிக்கலாம் என்ற வாதம் நம் நாட்டில் அடிக்கடி எழுகிறது. மேலை நாடுகளின் வரலாறு இவ்வாதத்திற்குத் துணை நிற்கிறதா என்று பார்ப்பது நிர்வாகத்தில் உள்ளோரின் கடமையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, பிரிட்டன், ஜெர்மனி, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகளை முதன்மையாகக் கொண்டு, தேவையான இடங்களில் வேறு சில நாடுகளையும் தொட்டு, இக்கட்டுரை இவ்வினாக்களை ஆராய்கிறது.

அளவுகோல் எது?

ஒரு நாட்டின் வாழ்க்கைத் தரத்தை மதிப்பிட நாம் வழக்கமாகக் கையாளும் அளவுகோல் தலா வருமானமாகும். நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான சைமன் குஸ்நெட்ஸ், 1934-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசுக்கு அளித்த அறிக்கையிலேயே, மக்களின் நலத்தை இந்த ஓர் எண்ணிலிருந்து அறிந்துவிட முடியாது என எச்சரித்தார். இருப்பினும் கணக்கிட எளிதாகவும், நாடுகளை வரிசைப்படுத்த வசதியாகவும் இருந்ததால், அந்த எண்ணே நிலைத்துவிட்டது.

இந்த எண் எவ்வளவு தூரம் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதற்கு அயர்லாந்து நல்ல சான்று. 2015-ஆம் ஆண்டில் அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26 சதவீதம் உயர்ந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டில் அயர்லாந்து மக்களின் வாழ்வு கால் பங்கு மேம்பட்டுவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் சில, வரிச் சலுகை கருதித் தம் காப்புரிமைகள் போன்ற சொத்துகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியதே இவ்வுயர்வுக்கு முக்கியக் காரணம். இதன் விளைவாக அந்நாட்டின் புள்ளியியல் அலுவலகம், இத்தகைய தொகைகளை நீக்கித் திருத்தப்பட்ட நாட்டு வருமானம் என்ற புதிய கணக்கை 2017-ஆம் ஆண்டிலிருந்து வெளியிட வேண்டியதாயிற்று. லக்சம்பர்க்கில் சிக்கல் வேறு விதமானது. அங்கு வேலை செய்வோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய அண்டை நாடுகளிலிருந்து அன்றாடம் வந்து திரும்புபவர்கள். அவர்களுடைய உற்பத்தி கணக்கில் சேர்கிறது. வகுக்கும்போது அவர்கள் தலைகள் சேர்வதில்லை. தலா உற்பத்தி மிக உயர்ந்து காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாணய மாற்று விகிதமும் கவனத்திற்குரியது. ஒரு டாலருக்கு நியூயார்க்கில் கிடைப்பதும், அதே டாலரை மாற்றினால் நம் ஊரில் கிடைப்பதும் சமமல்ல. இக்குறையை நீக்க, வாங்கும் திறன் அடிப்படையில் வருமானங்களை ஒப்பிடும் பணியை 1968-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கின. வெளிநாட்டு ஊதியத்தை மதிப்பிடும் மாணவர்கள் சந்தை விகிதத்தை விடுத்து இந்த அடிப்படையில் கணக்கிடுவது நன்று.

வருமானத்தோடு மற்ற அம்சங்களையும் சேர்க்கும் முயற்சிகள் 1970-களில் வலுப்பெற்றன. 1979-ஆம் ஆண்டில் மோரிஸ் டேவிட் மோரிஸ் என்ற பொருளியலறிஞர், எழுத்தறிவு, சிசு மரண விகிதம், ஒரு வயதுக் குழந்தையின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஆகிய மூன்றின் சராசரியைக் கொண்டு ஒரு குறியீட்டெண்ணை அமைத்தார். 1990-இல் பாகிஸ்தானைச் சேர்ந்த மஹபூப் உல் ஹக், நம் நாட்டின் அமர்த்தியா சென் உள்ளிட்டோரின் துணையுடன், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் சார்பில் மனித மேம்பாட்டுக் குறியீட்டெண்ணை வெளியிட்டார். ஆயுள், கல்வி, வருமானம் ஆகியவை அதன் மூன்று கூறுகள்.

2025-ஆம் ஆண்டின் மனித மேம்பாட்டு அறிக்கை, 2023-ஆம் ஆண்டுக்குரிய விவரங்களைக் கொண்டு 193 நாடுகளை வரிசைப்படுத்தியுள்ளது. அதில் நாம் எடுத்துக் கொண்ட ஐந்து நாடுகளின் நிலை பின்வருமாறு:

ஸ்வீடன்: இடம் 5; குறியீட்டெண் 0.959, சராசரி ஆயுள் சுமார் 83 ஆண்டுகள்
ஜெர்மனி: இடம் 5, குறியீட்டெண் 0.959, சராசரி ஆயுள் சுமார் 81 ஆண்டுகள்
பிரிட்டன்: இடம் 13, குறியீட்டெண் 0.946, சராசரி ஆயுள் சுமார் 81 ஆண்டுகள்
கனடா: இடம் 16, குறியீட்டெண் 0.939, சராசரி ஆயுள் சுமார் 83 ஆண்டுகள்
அமெரிக்க ஐக்கிய நாடுகள்: இடம் 17, குறியீட்டெண் 0.938, சராசரி ஆயுள் சுமார் 79 ஆண்டுகள்

இதே பட்டியலில் ஐஸ்லாந்து முதலிடத்திலும், இந்தியா 0.685 என்ற எண்ணுடன் 130-ஆவது இடத்திலும் உள்ளன.

வாங்கும் திறன் அடிப்படையில் பார்த்தால், அமெரிக்கரின் தலா வருமானம் பிரிட்டன், கனடா மக்களின் வருமானத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆயினும் ஐவருள் குறைந்த ஆயுள் அமெரிக்கருக்கே. வருமானத்தில் முந்தியுள்ள நாடு வாழ்நாளில் பிந்தியிருப்பது ஏன் என்ற வினாவே இந்த ஒப்பீட்டின் மையமாகும். அதற்கு விடை காண, குறியீட்டெண்களுக்குப் பின்னால் உள்ள அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

மருத்துவம்: நான்கு வழிகள்

மருத்துவச் செலவை ஏற்பதில் மேலை நாடுகள் நான்கு வெவ்வேறு வழிகளைப் பின்பற்றுகின்றன.

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. செலவின் பெரும்பகுதி பொது வரி வருவாயிலிருந்து வருகிறது; சிகிச்சை பெறும் இடத்தில் நோயாளி பணம் கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கும் பல் மருத்துவத்துக்கும் ஓரளவு கட்டணம் உண்டு. ஆனால் இச்சேவையில் பணத்திற்குப் பதிலாகக் காத்திருப்பு ஒரு விலையாக அமைந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் இங்கிலாந்தின் மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. நோயாளிகளில் 92 சதவீதத்தினருக்கு 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு, 2016-க்குப் பின்னர் பல ஆண்டுகளாக எட்டப்படவில்லை.

ஜெர்மனியின் முறை சமூகக் காப்பீட்டு முறை. 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேரூன்றிய இம்முறையில், தொழிலாளரும் முதலாளியும் ஊதியத்தின் ஒரு பகுதியைச் சந்தாவாகச் செலுத்துகின்றனர். அரசே நேரடியாக நடத்தாமல், தன்னாட்சி கொண்ட காப்பீட்டு நிதியங்கள் இதனை நிர்வகிக்கின்றன. மக்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் இவற்றின் உறுப்பினர்கள். வருமானமில்லாத மனைவி அல்லது கணவருக்கும் குழந்தைகளுக்கும் தனிச் சந்தா இல்லை. முதுமையிலும் முடக்கத்திலும் வேண்டிய பராமரிப்புக்காக 1995-இல் தனிக் காப்பீடு ஒன்றும் சேர்க்கப்பட்டது.

கனடாவில் மருத்துவர்கள் பெரும்பாலும் தனியாகத் தொழில் செய்வோர். ஆனால் அவர்களுக்குப் பணம் கொடுப்பது மாகாண அரசின் காப்பீடு. 1984-ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டப்படி, காப்பீட்டில் அடங்கிய சிகிச்சைக்கு நோயாளியிடம் கூடுதல் தொகை வசூலிக்க அனுமதிக்கும் மாகாணத்தின் மத்திய மானியம் குறைக்கப்படும். மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்துகளும் பல் மருத்துவமும் நெடுங்காலமாக இத்திட்டத்திற்குப் புறம்பாகவே இருந்தன. சிறப்பு மருத்துவரைக் காணப் பல மாதங்கள் காத்திருக்க நேர்வது அங்கு வழக்கமான குறைபாடு.

அமெரிக்காவில் இவை மூன்றும் கலந்துள்ளன; எதுவும் முழுமையாக இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதால், தொழிலாளரை ஈர்க்க முதலாளிகள் மருத்துவக் காப்பீட்டை ஒரு சலுகையாக அளிக்கத் தொடங்கினர். அவ்வழக்கம் நிலைத்து, இன்றும் மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் காப்பீடு அவர்தம் வேலையுடனோ குடும்பத்தினரின் வேலையுடனோ பிணைக்கப்பட்டுள்ளது. 65 வயது கடந்தோருக்கும் வறியோருக்கும் 1965-இல் இரு அரசுத் திட்டங்கள் ஏற்பட்டன. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பீடு அற்றோரின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தது. எனினும் 2023-இல் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர் எவ்விதக் காப்பீடும் இன்றி இருந்தனர். வேலை போனால் காப்பீடும் போய்விடும் நிலையில், ஒரே துன்பம் இரட்டிப்பாகிறது.

அமெரிக்கா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2023-இல் 17.6 சதவீதத்தைச் சுகாதாரத்திற்குச் செலவிட்டது. மற்ற நான்கு நாடுகளும் 11 முதல் 12 சதவீத அளவிலேயே செலவிடுகின்றன. மருத்துவ ஆராய்ச்சியிலும், அரிய நோய்களுக்கான சிகிச்சையிலும் அமெரிக்கா முன்னணியில் நிற்கிறது என்பதில் ஐயமில்லை. குறை, அச்சிகிச்சை யாரைச் சென்றடைகிறது என்பதில்தான் உள்ளது. ஆயுள் வேறுபாடு முழுவதையும் மருத்துவமனைகளின் கணக்கில் எழுதிவிடவும் இயலாது. துப்பாக்கிச் சாவுகள், போதைப் பொருள் மிகுதியால் நேரும் மரணங்கள், சாலை விபத்துகள், உடற்பருமன் ஆகியவையும் அங்கு அதிகம்.

உழைப்பும் ஓய்வும்

வருமானத்தை ஒப்பிடும்போது, அதை ஈட்ட எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் கணக்கின்படி, அமெரிக்கத் தொழிலாளி ஆண்டுக்குச் சுமார் 1,800 மணி நேரமும், ஜெர்மானியர் சுமார் 1,340 மணி நேரமும் வேலை செய்கின்றனர். ஜெர்மனியில் பகுதி நேர வேலை செய்யும் பெண்கள் மிகுதி என்பதால் இந்த இடைவெளியைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும். எனினும் அது பெரியதே. அமெரிக்கரின் கூடுதல் வருமானத்தில் ஒரு பகுதி, இவ்வாறு ஓய்வை விலையாகக் கொடுத்துப் பெற்றதாகும்.

ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுமுறை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குறைந்தது நான்கு வாரங்கள். ஸ்வீடனில் 25 வேலை நாட்கள். பிரிட்டனில் பொது விடுமுறைகளையும் சேர்த்து 28 நாட்கள். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் தொடக்கத்தில் இரண்டு வாரங்கள். அமெரிக்காவில் இத்தகைய விடுமுறையைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. நிறுவனம் கொடுப்பதே கணக்கு.

குழந்தை பிறப்பின்போது இவ்வேறுபாடு மேலும் தெளிவாகிறது. தாய்க்கு மட்டுமே உரியதாயிருந்த விடுப்பைப் பெற்றோர் இருவருக்கும் பொதுவாக்கிய முதல் நாடு ஸ்வீடன், ஆண்டு 1974. இன்று ஒரு குழந்தைக்கு 480 நாட்கள் படியுடன் விடுப்பு உண்டு. இதில் 390 நாட்களுக்கான படி, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, வருமானத்தில் ஏறக்குறைய 80 சதவீதம். தந்தைக்கும் தாய்க்கும் தலா 90 நாட்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒருவர் அதை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. தந்தையும் குழந்தை வளர்ப்பில் பங்கேற்க வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம். ஜெர்மனியில் 2013 முதல் ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் கோரும் சட்டப்படியான உரிமை உண்டு. நடைமுறையில் இடப் பற்றாக்குறை தொடர்கிறது. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வார விடுப்பை மட்டுமே உறுதி செய்கிறது. அதுவும் ஊதியமின்றி, 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் ஓராண்டு பணி முடித்தவர்களுக்கு மட்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தம் சொந்தச் சட்டங்களால் ஊதியத்துக்கு வழி செய்துள்ளன.

குடியிருப்பு

மருத்துவத்திலும் விடுப்பிலும் முந்தி நிற்கும் நாடுகள்கூடக் குடியிருப்பில் இடர்ப்படுகின்றன. ஸ்வீடனில் வாடகைக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் ஸ்டாக்ஹோம் நகரில் முறையான வாடகை வீட்டுக்குப் பெயரைப் பதிந்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். புதிதாக நகருக்கு வருபவரும் இளைஞருமே இதனால் மிகவும் பாதிக்கப்படுவோர். பிரிட்டனில் 1980-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், உள்ளாட்சிக் குடியிருப்புகளில் வாழ்ந்தோர் அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்க வகை செய்தது. இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் இவ்வாறு விற்கப்பட்டன. வாங்கியோர் பயனடைந்தனர், விற்றவற்றுக்கு ஈடாகப் போதிய வீடுகள் கட்டப்படாததால் அடுத்த தலைமுறை வாடகைச் சந்தையிடம் சிக்கிக் கொண்டது. கனடாவின் டொரன்டோ, வான்கூவர் நகரங்களில் வீட்டு விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் உள்ளது.

இதற்கு மாறாக ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா குறிப்பிடத்தக்கது. முதல் உலகப் போருக்குப் பின் வறுமையில் ஆழ்ந்திருந்த அந்நகரின் மாநகராட்சி, 1923-இல் வீட்டுவரி ஒன்றை விதித்தது. ஆடம்பர மாளிகைகளுக்கு மிக அதிகமாகவும் எளிய வீடுகளுக்கு மிகக் குறைவாகவும் விதிக்கப்பட்ட அவ்வரியின் துணையுடன் 1934-க்குள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளைக் கட்டியது. இன்று அந்நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மாநகராட்சி வீடுகளிலோ மானியம் பெற்றுக் கட்டப்பட்ட வீடுகளிலோ வாழ்கின்றனர். மாநகராட்சிக்குச் சொந்தமான வீடுகள் மட்டும் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம். கட்டிய வீடுகளை விற்காமல் வைத்துக் கொண்டதே வியன்னாவுக்கும் லண்டனுக்கும் இடையே உள்ள முக்கிய வேறுபாடு.

யார் கொடுக்கிறார்கள்?

இவ்வசதிகள் யாவும் வரியாலும் சந்தாவாலும் கிடைப்பவை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வரி, சமூகப் பாதுகாப்புச் சந்தா இரண்டும் சேர்ந்து ஸ்வீடனில் 40 சதவீதத்துக்கு மேலும், ஜெர்மனியில் 38 சதவீத அளவிலும், பிரிட்டனிலும் கனடாவிலும் 35 சதவீதத்தை ஒட்டியும், அமெரிக்காவில் 25 முதல் 27 சதவீதமும் வசூலாகின்றன. ஸ்வீடனில் பொருள்களின் மீதான பொது மதிப்புக் கூட்டு வரி 25 சதவீதம். செல்வரிடம் மட்டும் வசூலித்து ஸ்வீடன் இந்த அமைப்பை நடத்துகிறது என்று கருதுவது பிழை. நடுத்தர மக்களும் தொழிலாளரும் கணிசமாகக் கொடுக்கின்றனர். தாம் கொடுப்பது தமக்கே திரும்பி வருகிறது என்ற நம்பிக்கை அங்கு உள்ளது. வறியோருக்கு மட்டும் என்று ஒதுக்காமல், அனைவருக்கும் ஒரே பள்ளி, ஒரே மருத்துவமனை என்று அமைத்ததே அந்த நம்பிக்கைக்கு அடித்தளம்.

அமெரிக்கக் குடும்பமும் இச்செலவுகளிலிருந்து தப்பிவிடுவதில்லை. வரியாகக் கொடுக்காததைக் காப்பீட்டுக் கட்டணமாகவும், குழந்தைக் காப்பகக் கட்டணமாகவும், கல்லூரிக் கடனாகவும் கொடுக்கிறது. நல்ல உடல்நலமும் நல்ல வேலையும் உள்ளவருக்கு இது ஆதாயமாகவே முடியலாம். துறை வல்லுநர்கள் பலர் அமெரிக்காவை நாடுவதற்குக் காரணம் இதுவே. நோயோ வேலையிழப்போ நேர்ந்தவருக்கு அதே ஏற்பாடு பெரும் சுமையாகிறது.

சராசரிக்குள் மறைந்திருப்போர்

நாட்டுச் சராசரிகள் உள்நாட்டு ஏற்றத்தாழ்வை மறைத்துவிடுகின்றன. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் சராசரி ஆயுள் 81-ஐ ஒட்டியிருக்க, மிசிசிப்பியில் அது 72-ஐ ஒட்டியே இருந்தது. ஒரே கொடியின் கீழ் ஒன்பது ஆண்டு இடைவெளி! உலகிலேயே நன்னீர் வளம் மிகுந்த நாடுகளுள் ஒன்றான கனடாவில், பழங்குடியினரின் குடியிருப்புகள் பலவற்றில் குழாய் நீரைக் காய்ச்சாமல் பருகக் கூடாது என்ற அறிவிப்புகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. நீண்டகால அறிவிப்புகள் அனைத்தையும் 2021 மார்ச்சுக்குள் முடிவுக்குக் கொண்டு வருவதாக அரசு அளித்த உறுதி நிறைவேறவில்லை. அமைதிக்குப் பெயர் பெற்ற ஸ்வீடனிலும் நகர்ப்புறக் கும்பல்களின் துப்பாக்கிச் சண்டைகள் 2010-களிலிருந்து பெருகிக் கவலை தந்துள்ளன. குடியேறியோர் செறிந்து வாழும் புறநகர்களில் வேலையின்மை மிகுந்திருப்பது இதனுடன் தொடர்புடையது.

நம் மாணவர்களின் கவனத்திற்கு இங்கு ஒன்று கூறவேண்டும். ஒரு நாட்டுக் குடிமகனுக்குரிய வசதிகள் அனைத்தும் அங்குச் செல்லும் வெளிநாட்டவருக்குக் கிடைத்துவிடுவதில்லை. பிரிட்டனில் 2015 முதல் நுழைவு அனுமதியுடன் சுகாதாரக் கூடுதல் கட்டணமும் செலுத்த வேண்டும். ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சில பிரிவுகள் நீங்கலாக, மாணவர்கள் குடும்பத்தினரை அழைத்துச் செல்ல 2024 ஜனவரி முதல் அனுமதியில்லை. ஜெர்மனியின் பொதுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் கட்டணம் பெறுகிறது. ஸ்வீடன் 2011 முதலும், பின்லாந்து 2017 முதலும் அவ்வாறே செய்கின்றன. ஊதியம், வாடகை, காப்பீடு, வரி, குடும்ப அனுமதி ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

மனநிறைவு

அண்மைக் காலமாக, மக்களையே நேரில் கேட்டு மனநிறைவை அளக்கும் முயற்சிகள் பெருகியுள்ளன. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையில், தம் வாழ்வு பூஜ்யம் முதல் பத்து வரையுள்ள ஏணியில் எப்படியில் உள்ளது என்று மக்கள் கூறும் விடையே அடிப்படை. 2018 முதல் 2025 வரை தொடர்ந்து பின்லாந்து முதலிடம் பெற்றது. அதே பின்லாந்தில் 1990-ஆம் ஆண்டில் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 30 என்ற அளவில் இருந்தது. ஒவ்வொரு தற்கொலையின் காரணத்தையும் ஆராய்ந்து, மருத்துவர், ஆசிரியர், சமூகப் பணியாளர் ஆகியோருக்குப் பயிற்சியளித்த தேசியத் திட்டம் ஒன்று 1986 முதல் 1996 வரை நடந்தது. பின்னர் வந்த ஆண்டுகளில் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. பிரிட்டனோ, தனிமையால் வருந்துவோரின் பிரச்சினையைக் கவனிக்க 2018-இல் ஓர் அமைச்சரை நியமித்தது. வருமானமும் பாதுகாப்பும் மட்டும் மனிதனுக்குப் போதா என்பதை இவை காட்டுகின்றன.

செல்வம் வந்த பின்னரா?

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இந்நாடுகள் செல்வச் செழிப்பு அடைந்த பின்னரே சமூகப் பாதுகாப்பை ஏற்படுத்தினவா?

1883-இல் ஜெர்மனி மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியபோது, தலா வருமானத்தில் அது பிரிட்டனுக்குப் பின்தங்கியிருந்தது. தொழிலாளர்கள் சோஷலிசக் கட்சியின் பக்கம் சாய்வதைத் தடுக்க வேண்டும் என்ற பிஸ்மார்க்கின் அரசியல் நோக்கமே அதற்குத் தூண்டுகோல். ஸ்வீடன் 1913-இல் அனைவருக்குமான ஓய்வூதியச் சட்டத்தை இயற்றிய காலம், பிழைப்புத் தேடி மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிக் கொண்டிருந்த காலமாகும். 1850 முதல் 1930 வரை பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு வெளியேறினர். கனடாவில் மருத்துவமனைக் காப்பீட்டை 1947-இல் முதலில் தொடங்கியது செல்வம் மிக்க ஒண்டாரியோ அன்று. 1930-களின் வறட்சியிலும் மந்தத்திலும் நொடித்துப் போன கோதுமை விளையும் சஸ்காட்சுவான் மாகாணம். 1962-இல் மருத்துவர்களின் 23 நாள் வேலைநிறுத்தத்தையும் மீறி அதை மருத்துவர் கட்டணத்துக்கும் விரிவாக்கியது அதே மாகாணந்தான். பிரிட்டனில் சுகாதாரச் சேவை தொடங்கிய நாளில் ரொட்டிகூடப் பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது.

பின்லாந்து 1938-இல் ஏழைத் தாய்மார்களுக்குக் குழந்தைக்கான ஆடைகளும் பொருள்களும் அடங்கிய பெட்டியை வழங்கத் தொடங்கியது. 1949-இல் அது அனைத்துத் தாய்மார்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கருவுற்ற நான்கு மாதத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பெட்டிக்காக வந்த தாய் மருத்துவ வசதியின் எல்லைக்குள் வந்தாள். 1948-இல், போரின் இழப்பீட்டைச் செலுத்திக் கொண்டிருந்த நிலையிலேயே, பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் அந்நாடு இலவச மதிய உணவு வழங்கியது. பள்ளி உணவால் வருகையும் வளர்ச்சியும் பெருகும் என்பதைத் தமிழ்நாட்டு மதிய உணவுத் திட்டத்தின் வாயிலாக நாம் நேரில் அறிவோம்.

ஆகவே, செல்வம் வந்த பின்னரே பாதுகாப்பு என்ற வரிசையை வரலாறு உறுதி செய்யவில்லை. தொடக்கத்தில் தொகை சிறிது, பயனாளிகளும் குறைவு. ஆனால் அமைப்பு முதலில் ஏற்பட்டது. வருமானம் உயர உயர அதுவும் விரிந்தது.

நமக்குரிய பாடம்

நம் நாடும் இவ்வரிசையில் பிந்தித் தொடங்கியதன்று. ஏழ்மை காரணமாக எவருக்கும் மருத்துவ வசதி மறுக்கப்படக் கூடாது என்று போர் குழு 1946-இலேயே பரிந்துரைத்தது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், பிரிட்டிஷ் சேவை தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்னதாக, 1948 ஏப்ரலில் இயற்றப்பட்டது. தொடங்கியதில் நாம் தாமதிக்கவில்லை, விரிவாக்குவதில்தான் தாமதித்தோம். அமைப்பு சார்ந்த தொழிலாளரைத் தாண்டி, உழைப்போரில் பெரும்பாலோரான அமைப்புசாராத் தொழிலாளரை அப்பாதுகாப்பு நெடுங்காலம் எட்டவில்லை. 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டபோதும், வயலிலும் வீட்டு வேலையிலும் உழைக்கும் பெண்களுக்கு அது கிட்டவில்லை.

முன்னேற்றம் இல்லாமலும் இல்லை. தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64 சதவீதமாக இருந்து, 2021-22-இல் 39 சதவீதமாகக் குறைந்தது. இது வரவேற்கத்தக்கது, எனினும் இன்னும் மிக அதிகம்.

மேலை நாடுகளின் அனுபவத்திலிருந்து நிர்வாகத்தினர் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, பாதுகாப்பை வேலையுடன் மட்டும் பிணைத்தால், வேலையிழக்கும்போது அதுவும் இழக்கப்படும் என்ற அமெரிக்க அனுபவம். இரண்டாவது, கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது, மருத்துவரும் படுக்கையும் வீடும் போதிய எண்ணிக்கையில் இல்லையெனில் வரிசையே கட்டணமாகிவிடும் என்ற பிரிட்டிஷ், ஸ்வீடிஷ் அனுபவம். மூன்றாவது, நடுத்தர வகுப்பினரும் பயன்படுத்தும் தரத்தில் பொதுச் சேவை அமைந்தால்தான் அதற்கு வரி கொடுக்க மக்கள் முன்வருவர் என்ற வடநாட்டு ஐரோப்பிய அனுபவம்.

நம் மாவட்ட அறிக்கைகளில் எத்தனை மருத்துவ நிலையங்கள் திறக்கப்பட்டன, எத்தனை அட்டைகள் வழங்கப்பட்டன என்ற விவரங்கள் தவறாமல் இடம் பெறுகின்றன. கடந்த ஆண்டு எத்தனை குடும்பங்கள் மருத்துவச் செலவுக்காக நிலத்தையோ நகையையோ அடகு வைத்தன என்ற விவரமும் அவற்றோடு சேர வேண்டும். அந்த எண் ஆண்டுதோறும் குறைந்து வருமானால், தலா வருமானம் மெதுவாக உயர்ந்தாலும், அம்மாவட்ட மக்களின் வாழ்க்கைத் தரம் உயர்கிறது என்று துணிந்து கூறலாம்.